மீண்டும் ஊசியும் நூலும்

திருகோணமலை உட்துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகள் பலவற்றில் ஒரு தையல் மெசின் இருக்கிறது. அம்மம்மாவின் சீதனத்தோடு வந்தது, நிவாரண உதவியாகக் கிடைத்தது, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியது என்று வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு கதை உண்டு. இன்று அதன்மேல் ஒரு துணி விரித்திருக்கும். துணியின்மேல் மருந்துப் போத்தல்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் குவிந்திருக்கும். அதை விற்க மனமில்லை, திறக்க நேரமில்லை.

முன்பு பழகிக் கைவிட்ட தையலையும் பூவேலையையும் மன நிறைவுக்காக மறுபடி தொடங்கலாமா? தொடங்குவதானால் எப்படி? இதுவே இந்தப் பாடத்தின் பொருள். கேட்பதற்குச் சிறிய விடயம்தான். ஆயினும் உழைப்பு எது, ஓய்வு எது, ஒரு தாய்க்குத் தனக்கென்று நாளில் அரை மணி நேரமாவது உண்டா என்ற பெரிய கேள்விகள் இதற்குள் மடிந்து கிடக்கின்றன.

நம் பேச்சில் கிடக்கும் நூல்

போர்த்துக்கேயர் 1620களில் திருகோணமலையில் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இங்கே போர்த்துக்கேயரின் ஆட்சி நீடித்தது சொற்ப காலமே. எனினும் ஈழத்துத் தமிழில் அவர்களுடைய உடுப்புச் சொற்கள் இன்றும் வாழ்கின்றன. சட்டை விளிம்பில் வைத்துத் தைக்கும் ரேந்தை, 'ரெந்தா' என்ற அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. முகம் துடைக்கும் லேஞ்சி, குளித்தபின் எடுக்கும் துவாய், ஆண்கள் அணியும் களிசான், தெறிக்கு மற்றப் பெயரான பொத்தான் ஆகியனவும் அவ்வாறு வந்தவையே. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், ஊசியோடு வந்த சொற்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

பின்னர் பெண் கல்வியோடு சேர்ந்து தையற் கல்வியும் வளர்ந்தது. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய பெண்கள் பாடசாலையில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. 1862இல் பிரான்சிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். கடலுக்கு அப்பால், கன்னியாகுமரிப் பகுதியிலுள்ள முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் வந்து சேர்ந்தார். அங்கே ஆதரவற்ற சிறுமிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் ரேந்தைப் பின்னலும் பூவேலையும் கற்பிக்கப்பட்டன. அந்தக் கைவேலை பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது.

கிழக்கிலும் கன்னியர் பாடசாலைகளில் படித்த மூத்த தலைமுறையினர் பலருக்கு இந்தப் பெயர்கள் இன்றும் மறக்கவில்லை: நூலோட்டத் தையல், பின்தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், புள்ளடித் தையல். மூளை மறந்தாலும் விரல் மறக்காது. ஒரு துணித் துண்டையும் ஊசியையும் கையில் கொடுத்துப் பாருங்கள். அறுபது வயதுப் பெண்ணின் விரல்கள் பத்து வயதில் கற்ற பாடத்தை ஒப்புவிக்கும்.

ஊசி ஏன் கீழே வைக்கப்பட்டது?

சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877 முதல் இயங்கி வருகிறது. அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வீட்டு மெசின் என்பது ஒரு குடும்பத்தின் மதிப்புக்குரிய சொத்தாக இருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபோது துணிக்குத் தட்டுப்பாடு. தகப்பனின் களிசான் மகனுக்குக் காற்சட்டையாயிற்று; தாயின் சேலை மகளுக்குப் பாவாடையாயிற்று. அந்நாளில் தைக்கத் தெரியாத வீடு திண்டாடிய வீடு.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஆயத்த உடுப்புகள் கடைகளில் குவிந்தன. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகளை அமைக்கும் திட்டம் வந்தது. விந்தையைக் கவனியுங்கள்: உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் நாடாக இலங்கை மாறிய அதே காலத்தில், அதன் வீடுகளில் தையல் ஓய்ந்தது. ஆடைத் தொழிற்சாலையில் ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பாள், இன்னொருத்தி கையை மட்டும் பொருத்துவாள். நாள் முழுவதும் தைத்தும் ஒரு முழுச் சட்டையைத் தன் கையால் செய்து முடித்த மகிழ்ச்சி அவளுக்குக் கிடைப்பதில்லை.

நம் மாவட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. போர்க்காலத்தில் ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; மெசினைத் தூக்க முடியவில்லை. எஞ்சியவற்றுள் சிலவற்றை 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டுபோயிற்று. அதன் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும், கணவனை இழந்த பெண்களுக்குத் தையற் பயிற்சியும் மெசினும் வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டன. உதவி நல்லெண்ணத்தோடுதான் வந்தது. ஆனால் ஒரே ஒழுங்கையில் பத்துப் பேர் மெசின் வைத்திருந்தால் தைக்கக் கொடுப்பவர் யார்? வருமானம் பலருக்குக் கைகூடவில்லை. அவர்களுக்கு அந்த மெசின் இழப்பின் அடையாளமாகவே நின்றுவிட்டது. பிழைப்புக்காக மட்டும் எடுத்த ஊசியைப் பிழைப்பு வராதபோது கீழே வைத்துவிட்டார்கள். இதில் அவர்கள் குற்றம் எதுவுமில்லை.

கூலி வேலையும் விருப்ப வேலையும்

"ஞாயிற்றுக்கிழமையில் ஊசி எடுக்காதே" என்று நம் பாட்டிமார் கண்டித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கண்டிப்புக்கு ஓர் அடிப்படை இருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் சட்டம், கடன் திருநாட்களில் கூலியாட்களுக்குரிய உடலுழைப்பு வேலைகளை விலக்கியது. தையலும் அவ்வகையில் சேர்க்கப்பட்டது. எசமானுக்காக நாளெல்லாம் உழைக்கும் எளியவனுக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே அந்த ஒழுங்கின் உள்நோக்கம்.

1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1247ஆம் சட்டம் வேலையின் பெயரைக் குறிப்பிட்டுத் தடுக்கவில்லை. இறைவழிபாட்டுக்கும், ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், உள்ளமும் உடலும் பெறவேண்டிய ஓய்வுக்கும் தடையானவற்றைத் தவிர்க்கும்படி கேட்கிறது. இந்த மாற்றத்தில் நம் பாடத்துக்குரிய விடை இருக்கிறது. வாரம் முழுவதும் கூலிக்குத் தைப்பவருக்கு ஊசியைக் கீழே வைப்பதே ஓய்வு. வாரம் முழுவதும் மீன் சந்தையிலோ, கந்தோரிலோ, வகுப்பறையிலோ நிற்பவருக்கு ஊசியைக் கையில் எடுப்பது ஓய்வாகலாம். அதே ஊசி, அதே துணி. செய்பவரின் நிலைமையே அதைச் சுமையாகவோ இளைப்பாறலாகவோ ஆக்குகிறது.

ஆகவே தையலுக்குத் திரும்ப விரும்புகிறவர் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். இது கூலிக்கா, விருப்பத்துக்கா? விருப்பத்துக்கு என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது. "இந்தப் போர்வையை விற்றால் எவ்வளவு வரும்?" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். கேட்கட்டும். விலை பேசத் தொடங்கிய அன்றே அவசரம் வரும். அவசரம் வந்தால் இளைப்பாறல் போய்விடும். பின்னொரு நாள் அது வருமானமாக மாறினால் நல்லது; தொடக்கத்தில் அந்தச் சுமையை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

தையல் பெண்ணுக்கு மட்டுமா?

தமிழில் 'தையல்' என்ற சொல்லுக்குப் பெண் என்ற பொருளும் உண்டு. அதனால் ஊசி பெண்ணுக்கே உரியது என்று எண்ணிவிடக் கூடாது. பாய்க்கப்பல் காலத்தில் நம் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பாய்களைத் தைத்தவர்கள் ஆண்களே. உள்ளங்கையில் தோற்பட்டை அணிந்து, முக்கோண முனையுள்ள ஊசியால் கனத்த துணியைத் தைத்தார்கள். இன்றும் கரையில் வலை பொத்தும் நம் கடற்றொழிலாளர் செய்வது நூல் வேலைதான். கிழிந்த கண்ணைத் தேடிப் பிடித்து, அளவு பிசகாமல் முடிச்சுப் போடும் அந்தக் கைக்குச் சட்டைத் தெறி தைப்பது பெரிய காரியமல்ல. அப்போஸ்தலர் சின்னப்பரும் கூடாரத் தொழில் செய்தவர். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதிகளோடு தங்கி அத்தொழிலையே செய்தார். மோசே காலத்தில் திருக்கூடாரத்துக்கு வேண்டிய பூவேலைத் திறமை பெசலேல், ஒகோலியாபு என்ற இரு ஆண்களுக்குக் கடவுள் அளித்த கொடை என்று யாத்திராகமம் கூறுகிறது.

முதல் உலகப் போரில் காயமடைந்த போர்வீரர்கள் மருத்துவமனைகளில் பூவேலை கற்றார்கள். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து இலண்டன் புனித பவுல் பேராலயத்துக்கு ஒரு பீடத் துணியைத் தைத்தனர். 1919இல் நடந்த நன்றி வழிபாட்டில் அது பீடத்தை அலங்கரித்தது. துப்பாக்கி பிடித்த கைகள், நடுக்கம் தீராத கைகள், பட்டு நூலால் பூவையும் பறவையையும் தைத்தன. நூலை ஊசிக் காதில் கோக்கும்போது மனம் வேறெங்கும் ஓட முடியாது. அந்தச் சிறு கவனத்தில் காயமடைந்த மனம் சற்று அமர்கிறது.

சிலி நாட்டில் 1973இல் இராணுவ ஆட்சி வந்தபின், காணாமற்போனவர்களின் மனைவியரும் தாய்மாரும் கோவில் மண்டபங்களில் கூடி, சாக்குத் துணியின்மேல் கந்தைத் துண்டுகளை ஒட்டித் தைத்து, தங்கள் வீட்டில் நடந்ததைப் படமாக்கினார்கள். 1976இல் சந்தியாகோ உயர் மறைமாவட்டம் அமைத்த ஒருமைப்பாட்டுப் பணியகம் அவர்களுக்குத் துணை நின்றது. அந்தப் படங்கள் விற்பனையாகி உணவும் தந்தன. ஆனால் அதற்கு முன்பே, ஒரே துயரமுள்ளவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர இடம் கிடைத்தது. இதன் பொருள் நம் மாவட்டத்துத் தாய்மாருக்கு விளக்கிச் சொல்லாமலே விளங்கும்.

துறைமுகத்து ஊசிக்காரி

அப்போஸ்தலர் பணி நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் தபித்தா நம்மைப் போல ஒரு துறைமுகத்து ஊரவள். யோப்பா என்ற அந்த ஊரில் அவள் கைம்பெண்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்து வந்தாள். அவள் இறந்தபோது இராயப்பர் வந்தார். கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தைத்துத் தந்த அங்கிகளையும் ஆடைகளையும் அவருக்கு எடுத்துக் காட்டினார்கள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதாகமத்தில் பதிவாகவில்லை. அவளுக்காகப் பேசியவை அவள் தைத்த துணிகள்.

தபித்தா கூலிக்குத் தைத்ததாக அங்கே இல்லை. அவள் விரும்பித் தைத்தாள்; பிறருக்குத் தைத்தாள். விருப்பத்துக்கான வேலை தன்னலமாக முடிந்துவிடாமல் காப்பது இந்த இரண்டாவது குணமே. தைப்பது நம் மனநிறைவுக்கு. தைத்தது போய்ச் சேருவது இன்னொருவர் தோளுக்கு.

தொடங்கும் முறை

முதலில் மெசின். மேலுள்ள துணியை எடுத்துத் தூசையும் பழைய நூற் பிசிரையும் தூரிகையால் துடையுங்கள். எண்ணெய்த் துளைகளில் தையல் மெசினுக்குரிய எண்ணெயை மட்டும் துளித் துளியாக விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. அது நாளடைவில் பசைபோல் இறுகிவிடும். நூல் கோக்காமல் சற்று நேரம் மிதித்துவிட்டு, கழிந்து வரும் எண்ணெயைத் துடைத்து, பழைய துணியில் தைத்துப் பாருங்கள். தோற்பட்டி காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். உப்புக் காற்றில் கிடந்த ஊசி துருப்பிடித்திருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்கம், சாதாரண பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16. கையூசியின் இலக்கமோ எதிர்மாறானது. இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். தையல் சீராக விழாவிட்டால் திருகாணிகளைத் திருக முன், மேல்நூலைக் கழற்றி ஒழுங்காக மறுபடி கோத்துப் பாருங்கள். பல வேளை குறை அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது கண். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் கிட்டப் பார்வைக் கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் அமருங்கள். கறுப்புத் துணியை முதல் மாதம் தொட வேண்டாம்.

மூன்றாவது வேலை. புதுச் சட்டையில் தொடங்காதீர்கள். கழன்ற தெறி, அவிழ்ந்த கரை, கிழிந்த தலையணை உறை என்று பழுது பார்ப்பதில் தொடங்குங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறியபோது, எறிந்துவிடலாம் என்று வைத்த உடுப்புகளை மீண்டும் எடுத்த வீடுகள் பல. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் முன்னோர். கசக்குமுன் கிழிசலைத் தைத்துவிட்டால் அது இன்னும் சில காலம் உழைக்கும். அதன்பின் ஒரு லேஞ்சித் துணியில் முன்சொன்ன ஐந்து தையல்களையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். பூ நூல் ஆறு இழை சேர்ந்தது. இரண்டு அல்லது மூன்று இழையாகப் பிரித்துத் தைத்தால் வேலை மென்மையாக இருக்கும்.

ஒரு சிறு போர்வை

கை பழகியபின் குழந்தைக்கான ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம். குளிர் நாடுகளில் இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைப்பார்கள். நம் வெப்பத்துக்கு அது வேண்டாம். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, நூலோட்டத் தையலால் இணைத்துக் 'காந்தா' என்ற போர்வை செய்வார்கள். அந்த முறையே நமக்கு ஏற்றது.

பழைய பருத்திச் சேலை, சாரம், சட்டை முதலியவற்றைத் துவைத்துக் காயவைத்து அழுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் 6½ அங்குலமுள்ள 36 சதுரங்களை வெட்டுங்கள். கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்து, ஆறு ஆறாக இணைத்தால் ஆறு வரிசைகள். வரிசைகளை இணைத்தால் மேற்பகுதி முடிந்தது. கீழே ஒரு பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக நீண்ட தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு விரலகல இடைவெளியில் நூலோட்டத் தையல் போட்டு, ஓரத்துக்குப் பட்டி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு முழமளவான, 36 அங்குலச் சதுரப் போர்வை வேண்டுமென்றால் இவ்வளவே வேலை. நாளுக்கு மூன்று சதுரம் இணைத்தாலும் பன்னிரண்டு நாளில் ஆறு வரிசைகளும் ஆயத்தமாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காலஞ்சென்ற தாயின் சேலையையும் தகப்பனின் சாரத்தையும் வெட்டிப் பேரப்பிள்ளைக்குப் போர்வையாக்குவது சிலருக்கு ஆறுதல். வேறு சிலருக்கு அந்தத் துணியில் கத்தரி படுவதே வேதனை. காணாமற்போன மகனின் சட்டையை மடித்து வைத்திருக்கும் தாயிடம், "இதை வெட்டித் தையுங்கோ அம்மா" என்று எவரும் சொல்லலாகாது. அவர் தாமாக எடுத்து வந்தால் கூட இருந்து தைப்போம். எடுத்து வராவிட்டால், அது அலுமாரியிலேயே இருக்கட்டும்.

வீட்டாரின் கடமை

சமைத்து, துவைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, இரவு பத்து மணிக்கு மேல் மங்கல் விளக்கில் ஒரு தாய் தைத்தால் அதை ஓய்வு என்று சொல்ல முடியாது. அது இன்னொரு பாரம். அவருக்கு அரை மணி நேரம் வேண்டுமானால், அந்த அரை மணி நேர வேலையை வீட்டில் வேறு யாராவது ஏற்க வேண்டும். கணவன் பாத்திரம் கழுவட்டும். மகன் தண்ணீர் நிரப்பட்டும். மகள் பக்கத்தில் அமர்ந்து நூல் கோத்துக் கொடுக்கட்டும். அம்மம்மாவின் விரலில் இருக்கும் தையல் பேத்தியின் விரலுக்கு இறங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் வேறில்லை. பாடசாலைச் சீருடைத் துணியைத் தைக்க ஒவ்வோர் ஆண்டும் கூலி கொடுக்கும் குடும்பத்துக்கு அது பின்னர் பயனும் தரும்.

பங்குகளில் இது கூட்டு முயற்சியாகவும் அமையலாம். மாதத்தில் ஒரு பிற்பகல், மண்டபத்தில் ஒரு நீண்ட மேசை, ஆளுக்கொரு பை துணி. அங்கே அயலிலுள்ள சைவ, இஸ்லாமியப் பெண்களையும் அழைக்கலாம். கிழிசல் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். ஒவ்வொருவரும் இரண்டு சதுரம் தைத்தால் பதினெட்டுப் பேரால் ஒரு போர்வை. அது மருத்துவமனையில் பிறக்கும் ஏதோ ஓர் ஏழைக் குழந்தைக்குப் போகட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் யார் யாருக்குத் தைக்கத் தெரியும்? யாரிடம் கற்றார்கள்? அதை நாம் எப்போதாவது கேட்டதுண்டா?

2. நம் தாய்க்கு, மனைவிக்கு வாரத்தில் எந்த நேரம் உண்மையான ஓய்வு? அந்த நேரத்தில் அவருடைய வேலையை ஏற்பவர் யார்?

3. இந்த மாதம் எறிய வைத்திருக்கும் உடுப்புகளில் எதைத் தைத்து மீட்கலாம்? யாருக்குக் கொடுக்கலாம்?

விடை கிடைத்தபின் மெசின்மேல் உள்ள மருந்துப் போத்தல்களை வேறிடத்தில் வையுங்கள். துணியை விலக்குங்கள். எண்ணெய் விட்டு, முதலில் ஒரு தெறியைத் தைத்து முடிப்போமாக. போர்வை பிறகு வரும்.